பழைய ஸ்லைடுகள் சிவப்பேறுவது ஏன்?

1950களில் எக்டாக்குரோம் என்னும் வண்ணப் படச்சுருளில் எடுக்கப்பட்ட ஸ்லைடுகள் பல, இருட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தும் இன்று செந்நிறம் படர்ந்து காணப்படுவதற்குக் காரணம், படலத்திலுள்ள மூன்று சாயங்களுள் சிவப்பொளியை உறிஞ்ச வேண்டிய சியான், அதாவது பசுநீலச் சாயம், மற்றவற்றைவிட விரைந்து சிதைவதேயாகும். மாறாக, கோடாக்குரோம் என்னும் மற்றொரு வகைப் படச்சுருளின் சாயங்கள் இருட்டில் நெடுங்காலம் நிலைத்திருப்பினும், புரொஜெக்டர் ஒளியில் வெளிறக்கூடியவை.

சிவப்பேறிய ஸ்லைடைக் கேமராவால் படியெடுக்கும்போது வெண்சமநிலையை, அதாவது எது வெண்மை என்பதை வரையறுக்கும் அமைப்பை, மாற்றுவது மட்டும் போதாது. ஏனெனில் அது ஒரு நிறத்தைப் படம் முழுவதும் ஒரே விகிதத்தில் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது, சாய இழப்போ சாயம் அடர்ந்திருந்த நிழற்பகுதிகளில் மிகுதியாகவும் வெளிச்சப் பகுதிகளில் சொற்பமாகவும் நிகழ்கிறது. கறுப்புக் கோட்டு அரக்குச் சிவப்பாகிவிட்ட படத்தில் வெள்ளைச் சட்டை ஏறக்குறைய வெள்ளையாகவே எஞ்சுவது இதனால்தான்.

ஆகவே, ஸ்லைடு வைக்காமல் விளக்கொளியை மட்டும் கொண்டு வெண்சமநிலையை நிறுவி, ஸ்லைடை ரா கோப்பாக, அதாவது கேமராவின் உணரி பதிந்த மூலத் தரவாகப் படமெடுத்து, பின்னர் கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் கருமை, வெண்மை எல்லைகளைத் தனித்தனியே திருத்துவதே சரியான முறை. இதில் சிவப்பின் கருமை எல்லையை உயர்த்துவதே பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறது. முற்றிலும் அழிந்த சாயத்தை எந்தத் திருத்தமும் மீட்காது என்பதால், ஸ்லைடு வைத்திருப்போர் படியெடுப்பதைத் தள்ளிப்போடாமல், திருத்தாத ரா கோப்பையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.