முதலமைச்சர் நாற்காலிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போமா!

கந்தப்பளையில் பஸ் ஏறி, நுவரெலியா, ரம்பொடை, கண்டி என்று மலை இறங்கினால் பல்லேகலை வந்துவிடும். மத்திய மாகாண சபை இருப்பது அங்கேதான். நம் பிள்ளைகள் படிக்கும் மாகாணப் பாடசாலையும் நம் தெருவைப் பார்க்கும் பிரதேச சபையும் அந்தச் சபையின் பொறுப்பில் வருபவை. அதன் உச்சியில் முதலமைச்சர் நாற்காலி! அதில் ஒருவர் எப்படி வந்து உட்காருகிறார் என்ற கதை இருக்கிறதே, சினிமா தோற்றுப்போகும்!

2013இல் நடந்த கடைசித் தேர்தலில் சபைக்கு மொத்தம் 58 பேர். கண்டிக்கு 29, மாத்தளைக்கு 11, நம் நுவரெலியா மாவட்டத்துக்கு 16. மிச்சம் இரண்டும் மாகாணத்தில் முதலாவதாக வந்த கட்சிக்குப் போனஸ்! பாதிக்கு மேல் ஒரே கட்சி பிடித்தால், சபையில் அந்தக் கட்சிக்குத் தலைவர் யாரோ அவரையே ஆளுநர் முதலமைச்சராக்க வேண்டும். யாருக்கும் பெரும்பான்மை இல்லையா? அப்போது யாருக்கு ஆதரவு அதிகம் என்று ஆளுநர்தான் கணிப்பார். கட்சிக்குள் யாருக்கு ஆசனம் என்று முடிவு செய்த விருப்பு வாக்கை எண்ணிய இரவில் வேட்பாளர் வீடுகளில் யாருக்குத் தூக்கம் வந்தது!

அடுத்த கூத்து அமைச்சர் பதவி. 58 பேர் இருந்தாலும் முதலமைச்சரோடு நான்கே நான்கு அமைச்சர்கள்தான். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் போட்ட கணக்கு அது. அந்த நெருக்கடிக்குள்ளும் தமிழ்க் கல்வி அமைச்சை நம்மவர்கள் வாங்கினார்கள். அருள்சாமி, இராதாகிருஷ்ணன், அனுஷியா சிவராஜா என்று அந்தப் பொறுப்பில் இருந்தவர்களை மலையகம் மறக்காது. ஆனால் முதலமைச்சர் நாற்காலி மட்டும் இங்கே ஒரு மலையகத் தமிழருக்கும் இதுவரை கிடைக்கவில்லை. மத்திய மாகாணத்து நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த ஒருவர் 1977இல் முதலமைச்சர் ஆனார். ஆமாம், எம்.ஜி.ஆர். தான்! ஆனால் அது கடல் தாண்டித் தமிழ்நாட்டில்.

சத்தியப்பிரமாணத்துக்குப் பின்னாலும் எவ்வளவு பரபரப்பு! 2013இல் வடக்கு மாகாண சபையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38இல் 30 ஆசனங்கள். அதன் முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரனுக்கு 1,32,255 விருப்பு வாக்குகள். அவர் யார் முன்னால் பதவியேற்பது? சொந்த அணிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தும், அலரி மாளிகையில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச முன்னிலையில் பதவியேற்றார். அதன்பிறகுதான் உண்மையான இழுபறி. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. நிதி சம்பந்தப்பட்ட நியதிச் சட்டத்தை ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபையில் கொண்டுவரவே முடியாது. முதலமைச்சரின் இணக்கம் வேண்டும் என்றாலும் பிரதம செயலாளரை நியமிப்பவரும் ஜனாதிபதியே. மக்கள் வாக்கில் வந்தவருக்கு இத்தனை கதவுகள் தாழ்ப்பாள் போட்டிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்போது உச்சக்காட்சி! 2017இல் மாகாணத் தேர்தலின் விகிதாசார முறையைக் கலப்பு முறையாக மாற்றினார்கள். அதற்குப் புதிய தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சர் பைஸர் முஸ்தபாவே எதிர்த்து வாக்களித்தார்! பழைய முறை போயிற்று, புதிய முறை வரவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் மத்திய மாகாண சபையின் காலம் முடிந்தது. 2004 முதல் முதலமைச்சராக இருந்த சரத் ஏக்கநாயக்க இறங்கினார். அடுத்த ஆண்டுக்குள் நாட்டின் 9 மாகாணங்களும் ஆளுநர்கள் கைக்குப் போய்விட்டன.

நம் பாடசாலைக்கு ஆசிரியர் இல்லை என்றால் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்க, நாம் வாக்குப் போட்ட ஒருவர் பல்லேகலையில் வேண்டும். எல்லை வரைந்து முடியும்வரை காத்திருக்க வேண்டாம். சட்டத்தைத் திருத்தி, பழைய விகிதாசார முறையிலேயே மாகாணத் தேர்தலை நடத்துங்கள். நம் வாக்குக் கேட்டு வருகிற எந்தக் கட்சியானாலும் சரி, கந்தப்பளை முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.