பாலைவனத் தேசியப் பூங்காவிற்குச் செல்லுமுன்

ராஜஸ்தானத்தின் மேற்குக் கோடியில், ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில், ஏறத்தாழ 3,162 சதுர கிலோ மீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. மணல்மேடுகளோடு பாறைத் தரையும் புல்வெளியும் அங்கு உண்டு. சிங்காரா மானும், பாலைவன நரியும், அருகிவரும் கானமயிலும் அங்கு வாழ்கின்றன. இயற்கையைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் இஃது ஒரு சிறந்த பாடசாலை. ஆயினும், பிறரை அங்கு அழைத்துச் செல்பவர், வறண்ட காற்று மனித உடலில் விளைவிக்கும் மாறுதலை முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.

புறக்காற்று நம் தோலைவிடச் சூடாக இருக்கும்போது, வியர்வை ஆவியாவதொன்றே உடலைக் குளிர்விக்கும் வழியாகும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகுங்கால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை வழிந்து ஆடையை நனைக்கிறது. பாலைவனத்திலோ அது தோன்றியவுடனேயே உலர்ந்துவிடுகிறது. தோல் வறண்டிருப்பதைக் கண்ட மாணவன், தனக்கு வியர்க்கவில்லை என்றே நம்புகிறான். தாகமும் காலம் தாழ்த்தியே எழுகிறது.

உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே சோர்வும் கவனக்குறைவும் தோன்றக்கூடும். 40 கிலோ எடையுள்ள மாணவனுக்கு இது 800 மில்லி லிட்டரே. கடும் வெயிலில் நடப்பவர் ஒரு மணி நேரத்திலேயே இவ்வளவு நீரை இழக்கக்கூடும். எனவே, பாதுகாப்பு என்பது புறப்படுமுன் வகுக்கும் திட்டத்தைப் பொறுத்ததாகும்.

முதலாவது, காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களே உகந்தவை. ஜெய்சால்மருக்குக் கிழக்கேயுள்ள பலோதியில் 2016 மே 19ஆம் நாள் 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. குளிர்காலத்திலும் காலையிலும் மாலையிலுமே நடத்தல் நன்று. இரவில் கடுங்குளிர் உண்டாதலால் கம்பளி ஆடை இன்றியமையாதது.

இரண்டாவது, நீர். நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கிட்டு, வழியில் கிடைக்குமென்று எண்ணாமல் முழுவதையும் உடன் கொண்டு செல்க. தாகத்திற்குக் காத்திராது, குறித்த நேரத்திற்கொருமுறை அனைவரையும் அருந்தச் செய்க. உணவும் சிறிது உப்பும் உடன் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, செய்தி. செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வனத்துறையினரிடமோ தங்குமிடத்திலோ எழுதிக் கொடுக்கவும். எல்லையை ஒட்டிய இடங்களுக்கு அனுமதி தேவையா என மாவட்ட நிர்வாகத்திடம் முன்னரே கேட்டறிக. வண்டி மணலில் சிக்கினால், அதைவிட்டு நெடுந்தொலைவு நடத்தல் ஆகாது. தேடி வருவோர் கண்ணுக்கு மனிதனைவிட வண்டியே எளிதில் புலப்படும். அதன் நிழலில் அமர்க. வெயிலில் மூடிய வண்டிக்குள் அமர்தல் தவறு.

தலைவலி, மயக்கம், கருமஞ்சள் நிறச் சிறுநீர் ஆகியவை எச்சரிக்கைகள். பேச்சுக் குழறினாலோ அறிவு தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு நோயாக இருக்கலாம். உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீர் தெளித்து விசிறவும். காலம் தாழ்த்தாது மருத்துவமனை சேர்க்கவும். நினைவிழந்தவருக்கு வாய்வழியே நீர் புகட்டலாகாது. சுருட்டை விரியன் மணலில் பதுங்குமாதலால் மூடிய காலணியும், இரவில் கைவிளக்கும் தேவை.

கானமயில் வெறுந்தரையில், பெரும்பாலும் ஒரே முட்டையிடும் பறவை. எனவே, காவலர் காட்டும் பாதையைவிட்டு விலகாதிருத்தல் நமக்கும் அதற்கும் நன்மையே.

கொண்டு சென்ற நீரில் பாதி தீருமுன், காண வேண்டியவை எஞ்சியிருப்பினும், திரும்பும் பாதையில் கால் வைத்துவிடுக. இந்த ஒரு விதியைத் தலைவர் தளர்த்தாதிருப்பின், குழுவினர் அனைவரும் நலமுடன் இல்லம் சேர்வர்.