உண்பதும் உட்கவர்வதும்: கம்பம் பள்ளத்தாக்கின் உயிரினங்களை முன்வைத்துச் செரிமான வேறுபாடுகள்

ஆய்வுச்சுருக்கம்

உண்ட உணவு முழுவதும் உடலில் சேர்வதில்லை. சேரும் அளவு உயிரினத்துக்கு உயிரினமும், ஓரினத்துக்குள் ஆளுக்கு ஆளும் மாறுபடுகிறது. இவ்வேறுபாட்டின் காரணங்களை உறுப்பமைப்பு, மரபணு, குடற்சூழல் என்னும் மூன்று நிலைகளில் இக்கட்டுரை விளக்குகிறது. கோம்பையைச் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கின் உயிரினங்களும் தமிழகத்தில் நிகழ்ந்த மருத்துவ ஆய்வுகளும் இதற்குச் சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: செரிமானம், உட்கவர்தல், நொதி, மலைமாடு, கோம்பை நாய், குடலுறிஞ்சிகள்.

முன்னுரை

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ஊர் கோம்பை. இப்பகுதியின் மலைக்காடுகளில் யானையும் காட்டுமாடும் மேய்கின்றன. அடிவாரத்தில் மலைமாடுகள் வளர்க்கப்படுகின்றன. ஊரின் பெயரால் ஒரு நாயினமும் அறியப்படுகிறது. ஒரே நிலத்தின் விளைவை உண்டு வாழும் இவ்வுயிர்கள் அதிலிருந்து பெறும் பயன் ஒன்றன்று.

1. உறுப்பமைப்பு

புல்லின் செல்லுலோசைச் சிதைக்கும் நொதி எந்தப் பாலூட்டியின் உடலிலும் சுரப்பதில்லை. அப்பணியை நுண்ணுயிர்களே செய்கின்றன. அவை தங்கும் இடம் எது என்பதே யானைக்கும் மாட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. மாட்டிற்கு இரைப்பை நான்கு அறைகளால் ஆனது. முதல் அறையில் நொதித்தல் நிகழ்ந்து, அங்கு உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் அறைச்சுவர் வழியாகவே குருதியில் கலக்கின்றன. பெருகிய நுண்ணுயிர்களும் அடுத்து வரும் சிறுகுடலில் செரிக்கப்பட்டுப் புரதமாகின்றன. யானைக்கு நொதித்தல் சிறுகுடலைக் கடந்தபின், பெருங்குடலில் நிகழ்கிறது. ஆதலால் நுண்ணுயிர்ப் புரதத்தின் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறிவிடும். உண்டதில் பாதியைக்கூடச் செரிக்காத யானை, அக்குறையை மிகுதியாக உண்டும் விரைவாக வெளியேற்றியும் ஈடுசெய்கிறது.

மாட்டின் நுண்ணுயிர்த் தொகுதி அது பழகிய தீவனத்திற்கேற்ப அமைந்தது. நார்த்தீவனத்தில் பழகிய மாட்டிற்குத் திடீரெனத் தானியத்தை மிகுதியாகக் கொடுத்தால், மாவுச்சத்து விரைந்து நொதித்து லாக்டிக் அமிலம் பெருகும்; அமிலத்தேக்கத்தால் மாடு இறக்கவும் நேரும். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதனைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு வரையறுத்தது. மேய்ச்சலை இழக்கும் மலைமாட்டைத் தொழுவத் தீவனத்திற்கு மாற்றுவோர், அம்மாற்றத்தைப் படிப்படியாகச் செய்ய வேண்டுவதன் காரணம் இதுவே.

2. மரபணு

தமிழகத்து ஊர்களில் நாய்க்குக் கூழும் சோறும் இடுவது வழக்கம். ஊனுண்ணி மரபில் வந்த விலங்கு இவற்றைச் செரிப்பது எவ்வாறு என்பதற்கு 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் விடை கண்டனர். கணையத்தில் அமைலேசு நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் 2 படிகளே உள்ளது. நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை காணப்பட்டது. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள், வேளாண்மை தொன்றுதொட்டு நிலவும் பகுதிகளின் நாய்களில் இப்படிகள் மிகுந்திருப்பதையும், ஆஸ்திரேலிய டிங்கோ ஓநாயைப் போன்றே 2 படிகளோடு நிற்பதையும் காட்டின. மனிதரின் உமிழ்நீர் அமைலேசு மரபணுவும் ஆளுக்கு ஆள் எண்ணிக்கையில் வேறுபடுகிறது. மாவுணவைப் பெரிதும் உண்ணும் மக்களிடம் அது சராசரியாக மிகுந்துள்ளதென 2007இல் கண்டறியப்பட்டது.

பாற்சர்க்கரையைச் சிதைக்கும் லாக்டேசு நொதி பெரும்பாலான மனிதரில் குழந்தைப்பருவத்திற்குப்பின் குறைகிறது. சிலரில் மட்டும் ஒரு மரபணு மாற்றத்தால் அது வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. இந்தியாவில் இம்மாற்றம் வடமேற்கில் மிகுந்தும் தென்கிழக்கு நோக்கிக் குறைந்தும் வருகிறது. ஆகவே, பால் குடித்தபின் வயிறு பொருமும் தமிழரிடம் நோயைத் தேடுவதினும் இயல்பான மரபு வேறுபாட்டைக் கருதுவதே முதற்கண் பொருத்தம். அத்தகையோர் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்வதன் காரணம், அவற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாற்சர்க்கரையின் ஒரு பகுதியைத் தாமே சிதைத்துவிடுவதாகும்.

3. குடற்சூழல்

உறுப்பும் நொதியும் குறைவின்றி இருப்பினும் உட்கவர்தல் குன்றக்கூடும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலியோர் 1960களிலிருந்து நிகழ்த்திய ஆய்வுகள் இதனை நிறுவின. நோயின் அறிகுறி ஏதுமில்லாத தென்னிந்தியர் பலரின் சிறுகுடலில் குடலுறிஞ்சிகள் மழுங்கியிருந்தன. சைலோசு என்னும் சர்க்கரையை உட்கவரும் திறனும் குறைந்திருந்தது. தூய்மை குன்றிய நீர், அடிக்கடி நேரும் குடல்தொற்று ஆகியவை இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. தூய சூழலுக்குக் குடிபெயர்ந்தோரிடம் இக்குறை காலப்போக்கில் நீங்கியமை, இது பிறவிக் கூறன்று என்பதற்குச் சான்றாகும்.

முடிவுரை

மேற்கண்ட மூன்று நிலைகளும் மாறும் வேகத்தால் வேறுபடுகின்றன. உறுப்பமைப்பு பல இலட்சம் ஆண்டுகளில் உருப்பெறுவது. நொதி மரபணு உழவும் கால்நடை வளர்ப்பும் தோன்றியபின் சில ஆயிரம் ஆண்டுகளில் மாறியது. குடற்சூழலோ ஒரு தலைமுறைக்குள்ளேயே சீர்படவும் கெடவும் வல்லது. குழந்தைகளின் ஊட்டக்குறைவை ஆராய்வோர் தட்டில் இட்ட உணவை மட்டும் அளந்தால் கணக்கு முழுமையுறாது. சத்துணவோடு தூய குடிநீரும் கழிப்பிட வசதியும் சேரும்போதே இட்ட உணவு உடலில் சேரும். இம்மூன்றனுள் மனித முயற்சியால் விரைந்து திருத்தத்தக்கது குடற்சூழலே ஆதலின், ஊட்டச்சத்து ஆய்வுகள் உண்ட அளவோடு உட்கவர்ந்த அளவையும் கணக்கிற்கொள்வது இன்றியமையாததாகும்.