சாம்பாரில் மிதக்கும் விதையிலை

முளைவிட்ட தேங்காய்க்குள் பஞ்சுபோல இருக்குமே தேங்காய்ப்பூ, அது பூவே அல்ல; தென்னையின் விதையிலை. பருப்பின் சத்தை உறிஞ்சிக் கன்றுக்கு ஊட்டுவது அதன் வேலை. தென்னைக்கு விதையிலை ஒன்றுதான். நெல், வாழை, பனைக்கும் அப்படியே. அவரை, மா, புளிக்கு இரண்டு. சாம்பாரில் போடும் துவரம்பருப்பு ஒவ்வொன்றும் ஒரு விதையிலைதான்!

இந்த எண்ணிக்கையை வைத்துப் பூக்கும் தாவரங்களை 17ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தவர் இங்கிலாந்தின் ஜான் ரே. நல்ல கணிப்புதான், ஆனால் பாதிதான் தேறியது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகும் ஒருவிதையிலைக் கூட்டம் குலையவில்லை. இருவிதையிலைக் கூட்டம்தான் உடைந்தது. மிளகுக்கும் விதையிலை இரண்டு. ஆனாலும், அவரையும் மாவும் இருக்கும் பெரும்பிரிவில் இன்று அதற்கு இடமில்லை.