'கலைந்து போங்கள்': ஒரே ஒரு தந்தி, 21 கப்பல்கள் காலி! பிக்யூ-17 கான்வாய்க்கு என்ன ஆனது?

எதிரி காத்திருக்கும் கடலில் 35 வணிகக் கப்பல்களைக் கும்பலாக அனுப்புவதா? மொத்தமாக மாட்டிக்கொள்ளாதா? யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனால் கணக்கு வேற.

கடல் ரொம்பப் பெரிசு. 35 கப்பல்கள் தனித்தனியாகப் போனால் எதிரி கண்ணில் பட 35 வாய்ப்புகள். சேர்ந்து போனால் கிட்டத்தட்ட ஒரே வாய்ப்பு. அப்படியே மாட்டினாலும் சுற்றிலும் காவல் கப்பல்கள் இருக்கும். அன்றைய நீர்மூழ்கிகள் கடலின் மேலே வேகமாக ஓடும். உள்ளே போய்விட்டால் பேட்டரியில் ஊர்ந்துதான் போகணும். அதனால் காவல் கப்பல் துரத்தி மூழ்க வைத்தாலே போதும், கான்வாய் தள்ளிப் போயிருக்கும்.

சரி, இந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டால்?

லண்டனில் இருந்து வந்த உத்தரவு

1942 ஜூன் 27. சோவியத் ரஷ்யாவுக்கு டாங்குகள், விமானங்களை ஏற்றிக்கொண்டு ஐஸ்லாந்தில் இருந்து பிக்யூ-17 கிளம்பியது. போக வேண்டியது ஆர்க்டிக் கடல் வழியாக. அங்கே கோடையில் இரவே கிடையாது, ஒளிய இருட்டும் இல்லை. ஜூலை 4-ல் ஜெர்மன் விமானங்கள் தாக்கியதில் 3 கப்பல்கள் போயின. கான்வாய் அப்போதும் கலையவில்லை.

அன்று இரவு பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி டட்லி பவுண்ட் லண்டனில் இருந்து உத்தரவு போட்டார்: கலைந்து போங்கள். அவர் பயந்தது நார்வே கடலோரத்தில் இருந்த ஜெர்மன் போர்க்கப்பல் டிர்பிட்ஸுக்கு. அது வந்தால் கும்பலாக இருக்கும் கப்பல்களை வரிசையாகச் சுட்டுத் தள்ளும். சிதறினால் பல தப்பிக்கும். தர்க்கம் சரிதான். ஆனால் டிர்பிட்ஸ் கிளம்பிவிட்டதற்கு உறுதியான தகவல் எதுவும் இல்லை. வெளியே காத்திருந்ததோ நீர்மூழ்கிகளும் விமானங்களும்! காவலுக்கு வந்த டெஸ்ட்ராயர்களும், டிர்பிட்ஸுடன் சண்டை வரப்போகுது என்று நினைத்து, பெரிய போர்க்கப்பல்களுடன் விலகிப் போய்விட்டன.

அதன்பின் நடந்தது வேட்டை. மொத்தம் 24 கப்பல்கள் மூழ்கின. வணிக மாலுமிகள் 153 பேர் இறந்தார்கள். 430 டாங்குகளும் 210 விமானங்களும் கடலுக்கு அடியில். டிர்பிட்ஸ்? மறுநாள் கிளம்பி, அன்றே திரும்பிவிட்டது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

வெள்ளை பெயின்ட் ஐடியா

இதிலும் ஒருவர் கலையவில்லை. ஏர்ஷயர் என்ற சின்ன டிராலரின் கேப்டன் லியோ கிராட்வெல். போருக்கு முன் வக்கீல். மூன்று வணிகக் கப்பல்களைக் கூட்டிக்கொண்டு பனிப்பாறைகளுக்குள்ளேயே நுழைந்துவிட்டார். கப்பல்களுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, மேல்தளத்தில் வெள்ளைத் துணி விரித்து, சரக்காக இருந்த டாங்குகளின் பீரங்கியில் குண்டு போட்டுக் காத்திருந்தார்கள். மூன்றும் ரஷ்யா போய்ச் சேர்ந்தன.

செப்டம்பரில் பிக்யூ-18 கிளம்பியது, 40 கப்பல்கள். இந்த முறை துணைக்கு ஒரு சிறிய விமானம் தாங்கிக் கப்பலும் உண்டு. 13 மூழ்கின. கலைந்து போகச் சொல்லி யாரும் தந்தி அடிக்கவில்லை. 27 கரை சேர்ந்தன.