உழவியந்திரம் பெட்டி இழுக்கும்போது எழும் பிறேக் ஓசை

காலபோக நெல் அறுவடையாகும் தை, மாசி மாதங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டு வீதிகளில் நெல் மூடை ஏற்றிய உழவியந்திரப் பெட்டிகளை நாள்தோறும் காணலாம். மரக்கறிச் செய்கைக்காரருக்கோ ஆண்டு முழுவதும் பாரம் இழுக்கும் வேலை உண்டு. மட்டுவிற் கத்தரியும், வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயமும் பீற்றூட்டும் சுன்னாகம், திருநெல்வேலி, கொடிகாமம் ஆகிய சந்தைகளை உரிய நேரத்திற் சென்றடைய வேண்டும்.

இவ்வாறு செல்கையில் பிறேக்கை மிதித்தவுடன் முன்பு கேளாத ஓசையொன்று கேட்குமாயின், சந்தை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுதல் ஆபத்தாகும். ஓசை கேட்ட இடத்தையே பழுதுள்ள இடமெனக் கொண்டு, பெரிய சில்லைக் கழற்றி, நல்ல லைனரை மாற்றிப் பணத்தை வீணாக்குதலும் உண்டு. பிறேக் சத்தம் என்று கமக்காரர் கூறும் ஓசைகளுட் சில பிறேக்கிலிருந்து வருவனவே அல்ல.

பாரம் தள்ளும் விதம்

நாற்சில்லு உழவியந்திரங்கள் இழுக்கும் பெட்டிகள் பலவற்றுக்குத் தனியான பிறேக் இல்லை. இயந்திரத்தின் இரு பின்சில்லுகளிலுமுள்ள பிறேக்கே பாரம் முழுவதையும் நிறுத்துதல் வேண்டும். 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த மசி பேர்குசன் 135 இன் நிறை ஏறத்தாழ ஒன்றரைத் தொன். மூடை ஒன்று 70 கிலோகிராம் எனக் கொண்டால் 40 மூடை நெல் 2,800 கிலோகிராம் ஆகும். பெட்டியின் நிறை 900 கிலோகிராம் எனின், பின்னே வரும் 3,700 கிலோகிராம் முன்னே செல்லும் 1,500 கிலோகிராமைத் தள்ளுகின்றது. தனியே செல்லும் இயந்திரம் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் 6 மீற்றர் தூரத்தில் நிற்குமாயின், அதே பிறேக் வலுவுடன் பாரப்பெட்டியோடு நிற்பதற்கு 20 மீற்றருக்கு மேல் வேண்டும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அத்தூரம் காற்பங்காகிவிடும்.

குடாநாடு சமதரையாக இருப்பதும் ஒருவகையிற் கேடே. நெடிய இறக்கங்கள் இல்லாமையால் பிறேக் தேய்ந்திருப்பது பல மாதங்களுக்குத் தெரியவராது. ஒழுங்கை முகப்பில் ஒரு துவிச்சக்கரவண்டி குறுக்கிடும்போதுதான் தெரியவரும். பொன்னாலைப் பாலம் போன்று கடனீரேரியைக் குறுக்கறுத்துச் செல்லும் வீதிகளில் இருமருங்கும் நீர்; ஒதுங்குவதற்கு இடமும் இல்லை.

ஓசை எங்கிருந்து வருகின்றது?

முதலில் அறிய வேண்டியது ஓசை எழும் நேரம். மிதியை அழுத்தும்போது மட்டும் கேட்கின்றதா, மிதியை விட்ட பின்னரும் தொடர்கின்றதா என்பதைக் கவனித்தல் வேண்டும். மிதிக்காதபோது கேட்டு, மிதித்தவுடன் மறையும் ஓசை பெரும்பாலும் தளர்ந்த பாகம் ஒன்றினுடையது. எப்போதும் ஒரேபடியாக இரைந்து, வேகத்தோடு கூடிக் குறையும் ஓசை சில்லின் பேரிங்கைப் பற்றிய ஐயத்தை எழுப்பும்.

அடுத்து, பெட்டியைக் கழற்றிவிட்டு அதே வீதியில் அதே வேகத்தில் ஓட்டி, மெல்ல மிதித்துப் பார்த்தல் வேண்டும். ஓசை அப்படியே இருப்பின் பழுது உழவியந்திரத்தில் உள்ளது. ஓசை மறையுமாயின் வெறும் பெட்டியைக் கொழுவி மீண்டும் ஓட்டுக. வெறும் பெட்டியோடு மிதித்தவுடன் 'தடக்' என்று ஒருமுறை இடித்து நின்றுவிடும் ஓசை, கொழுவும் ஆணி தேய்ந்தோ அதன் துவாரம் நீள்வட்டமாக அகன்றோ இருப்பதைக் காட்டும். இயந்திரம் வேகம் குறைய, பெட்டி முன்னோக்கி வந்து மோதுவதே அந்த இடி. இதற்கு லைனர் மாற்றிப் பயனில்லை. ஆணியை மாற்றி, துவாரத்தைப் பட்டறையில் சரிசெய்வித்து, ஆணி மேலெழாதவாறு பூட்டூசி இடுதல் வேண்டும். மாட்டுவண்டிக்குக் கடையாணி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்தப் பூட்டூசி. கம்பித்துண்டை வளைத்துச் செருகும் வழக்கம் கைவிடத்தக்கது.

பாரம் ஏற்றிய பின் மட்டும் ஓசை எழுகின்றதெனில், அது இயந்திரத்தின் பிறேக்காகவும் இருக்கலாம், பெட்டியின் சில்லாகவும் இருக்கலாம். இதனைப் பிரித்தறிய எளிய வழியொன்று உண்டு. இயந்திரத்தின் பின்ரயரிலும் பெட்டியின் ரயரிலும் சுண்ணாம்பினால் ஒவ்வொரு கோடு இடுக. ஒருவர் நடைவேகத்தில் ஓட்டியபடி பிறேக்கை மிக மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க, மற்றொருவர் சில்லுகளிலிருந்து விலகி வீதியோரமாக நடந்து ஓசையை எண்ணுதல் வேண்டும். பின்ரயர் ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 4 மீற்றர் செல்லும். பெட்டியின் சிறிய ரயர் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் செல்லும். ஆகவே பெரிய சில்லு ஐந்து முறை சுற்றுகையில் ஓசை ஐந்து முறை கேட்பின் பழுது இயந்திரத்தின் பிறேக் டிறத்திலோ பின்சில்லிலோ உள்ளது. எட்டு முறை கேட்பின் பெட்டியில் உள்ளது. இடைவிடாது கேட்கும் உராய்வோசைக்கு இம்முறை உதவாது.

ஓசையின் வகைகள்

சில நாட்கள் ஓடாது நின்ற இயந்திரம், மாரி காலத்தில் முதல் நான்கைந்து மிதிப்புக்கு உராய்ந்து பின் அமைதியடையுமாயின் அது டிறத்தின் மேற்பரப்பிற் படிந்த துரு, அஞ்ச வேண்டியதில்லை. நெடிய கீச்சொலி, லைனர் வழுவழுப்பாக மெருகேறியிருப்பதாலோ, உட்புகுந்த தூசியாலோ எழும். கடைசற் பட்டறையிற் பலமுறை கடையப்பட்டு மெலிந்த டிறமும் மணிபோல ஒலிக்கும். இரும்பில் இரும்பு உரசும் கரகரப்பு வேறு விடயம். லைனர் முற்றாகத் தேய்ந்து, அதனைப் பிணைக்கும் தறையாணிகள் டிறத்தைச் சுரண்டுகின்றன என்பதே அதன் பொருள். அந்த ஓசையோடு ஒரு மூடையேனும் ஏற்றுதல் கூடாது.

எல்லாப் பழுதும் ஓசை எழுப்புவதில்லை என்பதையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்அச்சின் எண்ணெய்ச் சீல் கசிந்து லைனர் எண்ணெயில் ஊறினால் பிறேக் ஓசையின்றியே வலுவிழக்கலாம். சில வேளைகளில் திடீரெனக் கவ்வி உறுமவும் கூடும். சில்லின் உட்புறத்தில் எண்ணெய் வடிந்த கறுப்புக் கோடு அதற்குச் சான்று. பெற்றோலினாற் கழுவிய லைனர் சில நாட்கள் பிடிப்பதுபோலத் தோன்றினும், ஊறிய எண்ணெய் சூடேறியதும் மீண்டும் வெளிவரும். சீலையும் லைனரையும் ஒருங்கே மாற்றுவதே முறை.

புதிய இயந்திரங்கள் பலவற்றில் பிறேக் தட்டுகள் எண்ணெயினுள் மூழ்கியிருக்கும். அவை மிதிக்கும்போது உறுமினால், முதலில் எண்ணெயைச் சோதித்தல் வேண்டும். தயாரிப்பாளர் விதித்த வகையல்லாத மலிவான எண்ணெய் இவ்வோசைக்கு அடிக்கடி காரணமாகின்றது.

இரட்டை மிதி

வயலில் வரம்போரம் திரும்புவதற்காக இடப்புறப் பிறேக்கும் வலப்புறப் பிறேக்கும் தனித்தனி மிதிகளாக அமைக்கப்பட்டுள்ளன. ஒரே பக்கமாகத் திரும்பி உழும் பழக்கமுள்ளவரின் இயந்திரத்தில் அப்பக்கத்து லைனர் விரைந்து தேயும். வீதிக்கு ஏறுமுன் இரு மிதிகளையும் பூட்டினால் இணைத்தல் கட்டாயம். இணைத்த பின்னரும் ஒரு பக்கம் முந்திப் பிடிக்குமாயின் இயந்திரம் அப்பக்கம் இழுபடும். பின்னே வரும் பாரம் அதைக் குறுக்கே தள்ளி மடித்துவிடும். பெட்டியோடு நேரும் விபத்துக்களுள் மிகக் கொடியது இவ்வாறு மடிதலே.

வீதியில் ஓசை கேட்டு நிறுத்தியதும் இரு டிறங்களின் அருகேயும் புறங்கையைத் தொடாமற் பிடித்துச் சூட்டை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று சுட்டு மற்றையது குளிர்ந்திருந்தால் சுடுவதே பழுது எனத் துணிதல் கூடாது. குளிர்ந்தது வேலை செய்யாமையால் சுடுவது இரண்டின் வேலையையும் சுமந்திருக்கலாம். மிதிக்காமலே ஓடியும் சுடுமாயின், பிறேக் விடாமற் பற்றிக்கொண்டிருக்கின்றது. கடனீரேரியை அண்டிய ஊர்களில் உப்புக்காற்றினால் பிறேக் கம்பிகளும் நெம்பும் அச்சும் துருவேறி இறுகுவது இதற்குப் பொதுவான காரணம். சூடேறிய டிறத்தின்மேல் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும்; நிழலில் ஆறவிடுதல் வேண்டும்.

லான்ட் மாஸ்டர் என்று வழங்கும் இருசில்லு உழவியந்திரங்களின் பெட்டியில் நிலைமை மறுதலையானது. அங்கே ஓட்டுபவர் காலால் மிதிக்கும் பிறேக் பெட்டியின் சில்லுகளிலேயே உள்ளது. ஆதலாற் பெட்டியைக் கழற்றிச் சோதிக்கும் முறை அதற்குப் பொருந்தாது. சேற்றுவயலுக்குள் இறங்கிவந்த பெட்டியின் டிறத்தினுள் மணல் புகுந்து அரைப்பதே அதில் மிகுதியாகக் கேட்கும் ஓசை. டிறத்தைத் திறந்து கழுவி உலர்த்தினால் பெரும்பாலும் தீரும்.

திறக்கும்போதும் சரிசெய்த பின்பும்

பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் என்னும் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசு நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்க வல்லது. காற்றுப் பம்பினாலோ வாயினாலோ ஊதாது, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் இட்டுக் கட்டி அகற்றுதல் வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி அடியிற் புகாது, அச்சின் கீழ் உறுதியான மரக்குற்றி வைத்து, முன்சில்லுகளுக்கு அணைகல் இடுக.

பழைய பேர்குசன் இயந்திரங்களில் சில்லைத் தூக்கி, பின்தட்டின் துவாரத்தினூடே திருப்புளியால் சரிசெய்யும் பற்சில்லைத் திருப்பி, சில்லு இறுகும்வரை சென்று, பின் அது தடையின்றிச் சுழலும்வரை தளர்த்துதல் வழக்கம். இரு பக்கத்தையும் ஒரே அளவிற் செய்தல் வேண்டும். அதன் பின்னர் வெறும் இயந்திரத்தோடு ஆளில்லா வீதியிற் பத்து முறை மிதித்து நிறுத்தி, அடுத்து அரைப்பாரப் பெட்டியோடு அவ்வாறே செய்து, டிறங்களின் சூட்டை மீண்டும் ஒப்பிடுக. இயந்திரம் ஒரு பக்கமும் இழுபடாது நின்று, இரண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருப்பின் முழுப்பாரம் ஏற்றலாம்.