வடக்குக் கோடும் பார்வைக் கோடும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் முக்கோணவியல் இயலில் இடம்பெறும் உயரங்களும் தொலைவுகளும் என்ற பகுதிக்குத் தேவைப்படும் கருவிகள் மிகச் சில. சைன், கொசைன், டேன்ஜெண்ட் என்ற மூன்று விகிதங்களையும், 30°, 45°, 60° ஆகிய கோணங்களுக்கு அவை பெறும் மதிப்புகளையும் அறிந்த மாணவர் அப்பகுதியின் பெரும்பாலான கணக்குகளை முடித்துவிட இயலும். ஆயினும் அந்த மதிப்புகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்களே இக்கணக்குகளின் முன் தயங்கி நிற்பதற்குக் காரணம், கலங்கரை விளக்கம், கப்பல், கோபுரம் என்று வாக்கியங்களாக வரும் வினாவுக்குள் முக்கோணம் மறைந்திருப்பதும், அதை வெளியே எடுத்துத் தாளில் வைக்கும் வேலை மாணவரிடமே விடப்பட்டிருப்பதும் ஆகும். அந்த வேலையைச் செய்வது படம். எனவே படத்தை விடைத்தாளின் அலங்காரமாகக் கருதி, கணக்கை முடித்த பின் ஓரத்தில் வரைந்து வைக்கும் பழக்கம் தலைகீழானது என்றே கூறவேண்டும்.

காண்பவரின் கண்ணிலிருந்து காணப்படும் பொருள்வரை செல்லும் நேர்கோடு பார்வைக் கோடு எனப்படும். அதே கண்ணிலிருந்து தரைக்கு இணையாகச் செல்வது கிடைநிலைக் கோடு. பொருள் கண்மட்டத்துக்கு மேலே இருந்தால் இவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்ட கோணம் ஏற்றக்கோணம், கீழே இருந்தால் இறக்கக்கோணம். இரண்டும் கிடைநிலைக் கோட்டிலிருந்தே அளக்கப்படுகின்றன என்பது வரையறையில் தெளிவாக இருந்தும், இறக்கக்கோணத்தைக் கோபுரத்தின் செங்குத்துச் சுவருக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில் குறிப்பது மிகப் பரவலான பிழையாக இருக்கிறது. கோபுர உச்சியில் கிடைநிலைக் கோடு ஒன்றைப் புள்ளிக்கோடாக வரைந்துவிட்டால் இப்பிழைக்கு இடமில்லாமல் போவதோடு, அக்கோடும் தரையும் இணையாக இருப்பதால் உச்சியின் இறக்கக்கோணமும் தரையின் ஏற்றக்கோணமும் ஒன்றுவிட்ட கோணங்களாகச் சமமாவதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில், காவிரிப் பாசன வயல்கள் முடிந்து செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் தொடங்கும் பகுதியில் அமைந்த கந்தர்வக்கோட்டையில் ஒரு கைப்பேசிக் கோபுரத்தின் உயரத்தை அளக்க வேண்டியிருப்பதாகக் கொள்வோம். சாலையில் ஓரிடத்தில் நிற்கும் மாணவிக்கு அதன் உச்சி 30° ஏற்றக்கோணத்தில் தெரிகிறது. கோபுரத்தை நோக்கி நேராக 40 மீட்டர் நடந்த பின் அக்கோணம் 60° ஆகிறது. வழிகாட்டி நூல்கள் இதற்கு இரண்டு செங்கோண முக்கோணங்களை எடுத்துக்கொண்டு, இரண்டு சமன்பாடுகளை எழுதி, தெரியாத தொலைவை நீக்கி, ஏறத்தாழ அரைப்பக்கத்தில் விடைக்கு வருகின்றன. படத்தைச் சரியாக வரைந்து சற்று நேரம் உற்றுப் பார்ப்பவருக்கோ வேறொன்று புலப்படும். இரண்டு நிற்குமிடங்களையும் கோபுர உச்சியையும் இணைக்கும் ஒல்லியான முக்கோணத்தில் ஒரு கோணம் 30°. இரண்டாவது நிற்குமிடத்தில் அமையும் வெளிக்கோணம் 60° என்பதால் உச்சியில் அமையும் கோணமும் 30° ஆகவேண்டும். ஆகவே அது இருசமபக்க முக்கோணம். இரண்டாவது இடத்திலிருந்து உச்சிவரையுள்ள சாய்தொலைவு நடந்த தொலைவுக்குச் சமமாக 40 மீட்டர். அதைச் சைன் 60°-ஆல் பெருக்கினால் 20√3, அதாவது சுமார் 34.64 மீட்டர் என்று ஒரே வரியில் உயரம் கிடைத்துவிடுகிறது. சமன்பாடுகளுக்குள் புதைந்துகிடக்கும் இந்தச் சமச்சீரைக் காட்டும் ஆற்றல் படத்துக்கு உண்டு.

இவ்விடை மாணவியின் கண்மட்டத்துக்கு மேலுள்ள உயரமே என்பதையும் படமே நினைவூட்டும். கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் கோபுரம் 36.14 மீட்டர். கோணத்தை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கோணமானியின் நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழலை ஒட்டி, கோணமானியின் மையத்திலிருந்து நூலில் ஒரு சிறு எடையைக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போலத் தொங்கவிட்டு, குழல் வழியே உச்சியைப் பார்த்தால், நூல் காட்டும் அளவை 90°-இலிருந்து கழித்து ஏற்றக்கோணத்தைப் பெறலாம். இத்தகைய சாய்வுமானியை ஒருமுறை கையால் செய்து பயன்படுத்திய மாணவர் கோணத்தைத் தவறான இடத்தில் குறிப்பது அரிது.

திசைக்கோணக் கணக்குகளில் படத்தின் தேவை இன்னும் கூடுகிறது. வடக்கிலிருந்து கடிகாரம் சுழலும் போக்கில் அளந்து, எப்போதும் மூன்று இலக்கங்களில் எழுதப்படும் கோணமே திசைக்கோணம். கிழக்கு 090°, தெற்கு 180°, மேற்கு 270°. கந்தர்வக்கோட்டையிலிருந்து 040° திசையில், அதாவது ஏறத்தாழத் தஞ்சாவூர்ப் பக்கமாக, 6 கி.மீ. செல்லும் ஒருவர் அங்கிருந்து 130° திசையில் 8 கி.மீ. செல்கிறார் எனில், புறப்பட்ட இடத்திலிருந்து அவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்? திரும்பிய இடத்தில் இரண்டாவது வடக்குக் கோடு ஒன்றை, முதல் வடக்குக் கோட்டுக்கு இணையாக, வரைந்தே ஆகவேண்டும். அவ்வாறு வரைந்தால், அக்கோட்டுக்கும் வந்த வழிக்கும் இடையில் மேற்குப் புறம் 140°, அக்கோட்டுக்கும் செல்லும் வழிக்கும் இடையில் கிழக்குப் புறம் 130°; முழுச்சுற்றான 360°-இல் எஞ்சுவது 90°. செங்கோண முக்கோணம் என்று தெரிந்ததும் தொலைவு 10 கி.மீ. என்பது பிதாகரஸ் தேற்றத்தால் உடனே வந்துவிடுகிறது. புறப்பட்ட இடத்திலிருந்து அவரது திசைக்கோணம் சுமார் 093°, கிட்டத்தட்ட நேர்கிழக்கு. இரண்டாவது வடக்குக் கோட்டை வரையாமல், 130°-ஐ நடந்துவந்த வழியின் நீட்சியிலிருந்து அளந்துவிடுபவருக்கு இதே கணக்கில் சுமார் 6.2 கி.மீ. என்ற விடை கிடைக்கும். அதற்குப் பின் அவர் செய்யும் கணக்கு வேலை முழுவதும் பிழையற்றதாக இருந்தாலும் பயனில்லை.

இந்த முக்கோணங்களைக் கொண்டே ஒரு நாட்டை அளந்த வரலாறு கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்திலேயே இருப்பதைப் பாடநூலோடு சேர்த்துச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு. வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 7.5 மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து தொடங்கிய பெரும் முக்கோணவியல் நில அளவையில், நேரடியாக அளக்கப்பட்ட நீளங்கள் மிகச் சிலவே. மற்றவை கோணங்களை அளந்து, முக்கோணத்தோடு முக்கோணத்தைப் பக்கம் பகிர்ந்து ஒட்டிக் கணக்கிடப்பட்டவை. குன்றுகள் இல்லாத காவிரிச் சமவெளியில் தென்னையும் பனையும் பார்வைக் கோட்டை மறைத்ததால், அளவையாளர்கள் கோயில் கோபுரங்களின் மீது ஏறவேண்டியதாயிற்று. 1808-இல் ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் கோணவட்டம் நெளிந்துபோனது. லாம்ப்டன் ஆறு வாரங்கள் செலவிட்டு அவ்வட்டத்தைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அந்த அளவைப் பணி பின்னாளில் இமயம்வரை விரிந்து, எவரெஸ்டின் உயரத்தை 29,002 அடி என்று 1856-இல் அறிவிக்கும் நிலைக்கு வளர்ந்தது.

அளவையாளர்கள் உயரமான இடம் தேடியதற்கு மரங்கள் மட்டும் காரணமல்ல. விமானத்தின் உயரம் பொதுவாகக் குறிப்பிடப்படும் 216 அடி, அதாவது சுமார் 66 மீட்டர் என்றும், கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் அதைக் காண முயல்பவர் 25 கி.மீ. தள்ளி அதே மட்டத்தில் நிற்கிறார் என்றும் வைத்துக்கொண்டால், பாடநூல் முறைப்படி ஏற்றக்கோணம் 0.15° வரவேண்டும். ஆனால் அத்தொலைவில் பூமியின் வளைவு மட்டுமே சுமார் 49 மீட்டரை மறைத்துவிடும். காற்றில் ஒளி வளைவதால் அம்மறைவு சிறிது குறையுமே தவிர நீங்காது. தரையை நேர்கோடாக வரையும் வகுப்பறைப் படம் கைப்பேசிக் கோபுரத்துக்குப் போதுமானது. இங்கோ தரைக்கோட்டையே வில்லாக வரையவேண்டும். லாம்ப்டனின் பெரிய முக்கோணங்களில் மூன்று கோணங்களின் கூடுதல் 180°-ஐத் தாண்டியதும் இதனால்தான்: பக்கத்துக்கு 25 கி.மீ. கொண்ட சமபக்க முக்கோணத்தில் அம்மிகுதி ஏறத்தாழ 1.4 விகலை, அதாவது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். அதையும் அளவையாளர்கள் கணக்கில் திருத்திக்கொண்டே சென்றார்கள்.